பூநாரை காணப் போனோம்

சென்ற தைப்பொங்கலுக்குக் கொழும்பிலிருந்து வந்திருந்த என் பேர்த்தியை அழைத்துக்கொண்டு, வடபகுதிக் களப்பு ஒன்றின் கரையிலுள்ள பறவைகள் சரணாலயத்துக்குப் போயிருந்தேன். அதன் பெயர் இங்கு வேண்டுவதில்லை. இத்தகைய இடங்கள் பல. இளமையில் அங்கே பூநாரைக் கூட்டம் கண்டவன் நான். நீரின்மேல் செவ்வரி ஓடியது போன்ற அக்காட்சியைப் பிள்ளைக்குக் காட்டுவதாக வாக்களித்திருந்தேன்.

வாயிலில் எங்களை வரவேற்றது எழுத்துதிர்ந்து துருவேறிய பெயர்ப்பலகை. ஒற்றையடிப் பாதையைச் சீமைக்கருவேல முட்கள் இருபுறமும் நெருக்கின. பறவை பார்ப்பதற்கென எழுப்பிய மரக்கோபுரத்தில் நான்கு படிகளே எஞ்சியிருந்தன. நீரோரமெங்கும் பிளாஸ்ரிக் போத்தல்களும், சோற்றுப்பொதி சுற்றிய பொலித்தீன் தாள்களும். ஒரு மணி நேரம் நடந்தோம். பூநாரை ஒன்றேனும் கண்ணிற் படவில்லை.

“அம்மப்பா, பூநாரை எல்லாம் எங்கை போயிட்டுதுகள்?” என்றாள் பேர்த்தி.

தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் நீரை வடித்து, நுண்பாசியையும் சிற்றிறாலையும் உண்ணும் பறவை பூநாரை. அதன் செந்நிறமும் அவ்வுணவு தந்ததே. களப்பின் உவர்ப்பு மாறினால் அவ்வுணவு குன்றும். உணவு குன்றினால் பறவை வாராது. தெற்கே புந்தல இதற்குச் சான்று. 1990 ஆம் ஆண்டில் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாகப் பதிவுபெற்ற இடம் அது. வயல்களின் வடிநீர் அங்குள்ள எம்பிலிகல, மலல ஆகிய களப்புகளிற் சேர்ந்து உவர்ப்பைக் குறைத்தது. பெருங்கூட்டமாக வந்த பூநாரைகள் பின்னர் அருகிப்போயின. சீமைக்கருவேலும் நாகதாளியும் அங்கும் நிலத்தைப் பற்றிக்கொண்டன. வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நம் நாட்டில் 1937 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆயினும் முள் களைவதற்கும் நீரைக் கவனிப்பதற்கும் ஆள் வேண்டுமே!

திரும்பும் வழியில், சேற்றோரத்தில் ஒரு பறவை தனித்து நின்றது. வெள்ளுடல், கருஞ்சிறகு, நெடிய செங்கால்கள்.

“இதுக்கு என்ன பேர், அம்மப்பா?”

முப்பது ஆண்டு தமிழ் கற்பித்தவன் நான். நெய்தலின் கருப்பொருள்களைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! நாரையைத் தூதுவிட்ட சத்திமுற்றப் புலவரின் பாட்டை எத்தனை வகுப்புகளில் நயந்து விளக்கியிருப்பேன்! கண்முன் நின்ற பறவைக்குப் பெயர் சொல்ல நாவெழவில்லை.

அப்புலவர் நாரையின் அலகையும் போக்குவரவையும் உற்றுப் பார்த்தவர். நானோ அவர் பாட்டை மட்டும் பார்த்தேன். ஒருமுறையேனும் மாணவரைக் களப்புக்கரைக்கு அழைத்துச் சென்றதில்லை. கண்டறியாத ஒன்றுக்காக எவர் பரிந்து பேசுவார்? பலகை துருப்பிடித்தமைக்குப் பராமரிக்க வேண்டியோர் பொறுப்பு. கேட்பாரற்றுக் கிடந்தமைக்கு என் போன்றோரும் பொறுப்பு.

வீடு வந்து நூலைப் புரட்டினேன். பவளக்கால் உள்ளான் என்றிருந்தது. பேர்த்தி தன் கொப்பியில் அப்பெயரை எழுதி, பக்கத்தில் ‘ஒன்று’ எனக் குறித்துக்கொண்டாள். அடுத்த தையிலும் போய் எண்ணுவதென்று இருவரும் முடிவுசெய்திருக்கிறோம்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் மாணவரையும் ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள். ஏமாற்றமே கிடைப்பினும், அதுவும் அவர்கள் கண்ணாரக் கண்டறிய வேண்டியதே.