இடம் கொடுத்தால் நிரம்பும்

மருந்துக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, ஊசியைச் செருகி, சிரிஞ்சின் தண்டைச் சிஸ்டர் மெல்லப் பின்னுக்கு வாங்குகிறார். மருந்து குழலுக்குள் வந்து நிரம்புகிறது. தாராவியை ஒட்டி நிற்கும் சயான் ஆஸ்பத்திரியில் விடிந்ததிலிருந்து மறுநாள் விடியும்வரை ஓயாமல் நடக்கும் காரியம் இது. பார்ப்பவர்கள் தண்டுதான் மருந்தை இழுத்தது என்பார்கள். ஆனால் நீரையோ மருந்தையோ பிடித்து இழுக்க எந்தத் தண்டுக்கும் பிடி கிடையாது. தண்டு செய்தது ஒன்றே ஒன்று: குழலுக்குள் இடம் உண்டாக்கியது. அந்த இடத்துக்குள் மருந்தைத் தள்ளி அனுப்பியது காற்று.

காற்றுக்கு எடை உண்டு என்பதைப் பள்ளியில் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். மும்பை கடல் மட்டத்தில் கிடக்கும் ஊர். காற்றுக் கடலின் அடித்தரை இதுதான். தலைக்கு மேலே அடுக்கடுக்காக நிற்கும் அத்தனை காற்றின் பாரமும் சேர்ந்து, விரல் நகமளவான ஒரு சதுர சென்டிமீட்டர் மீது ஏறத்தாழ 1 கிலோ எடையாக அழுத்துகிறது. ஊட்டிக்குப் போனால் அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். மும்பையில் விரித்த உள்ளங்கை மீது சுமார் 100 கிலோ நிற்கிறது, கை வலிப்பதில்லை. புறங்கையிலிருந்தும் அதே அழுத்தம் தாங்குகிறது; உடம்புக்குள் இருக்கும் நீரும் காற்றும் அதே அளவு எதிர்த்துத் தள்ளுகின்றன. இவ்வளவு பெரிய பாரத்தை நம்மீது வைத்தவன், அது பாரமாகத் தெரியாதபடியும் செய்து வைத்திருக்கிறான்.

இத்தாலியில் 1643-இல் டாரிசெல்லி இந்தப் பாரத்தைப் பாதரசத்தால் அளந்து காட்டினார். காற்றின் அழுத்தம் பாதரசத்தை 76 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தாங்குகிறது. நீராக இருந்தால் சுமார் 10.3 மீட்டர். அதற்கு மேல் எவ்வளவு வலுவான பம்பு வைத்து உறிஞ்சினாலும் நீர் ஏறாது. நடைமுறையில் ஏழெட்டு மீட்டரிலேயே நின்றுவிடும். கிணற்றில் நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாரையும் உள்ளே இறக்கி வைத்த அனுபவம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த பல குடும்பங்களுக்கு உண்டு. பம்பு உறிஞ்சுவதில்லை, காற்றுதான் நீரைத் தள்ளி ஏற்றுகிறது, அந்தத் தள்ளுதலுக்கு ஓர் எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது என்பதை அந்தக் கிணறுகள் கற்றுக்கொடுத்தன.

அதே பாடத்தை ஆஸ்பத்திரி வார்டிலும் காணலாம். மாட்டுங்கா வீடுகளில் தாமே இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெரியவர்களுக்கு டாக்டர் முதலில் சொல்லித் தருவது, எத்தனை யூனிட் மருந்து வேண்டுமோ அத்தனை யூனிட் காற்றைக் குப்பிக்குள் செலுத்திவிட்டு மருந்தை எடுக்க வேண்டும் என்பது. குப்பி ரப்பர் மூடியால் அடைபட்டது. வெளிக்காற்று உள்ளே வர வழியில்லை. மருந்தை எடுக்க எடுக்க உள்ளே அழுத்தம் குறைந்து, வெளிக்காற்று தண்டைத் திரும்ப உள்ளுக்கே தள்ளும். கொடுத்துவிட்டு வாங்கினால் தடையின்றி வரும். கண்ணாடி பாட்டிலில் குளுக்கோஸ் ஏற்றிய காலத்தில் பாட்டிலின் ரப்பர் மூடியில் இன்னோர் ஊசியும் குத்தி வைத்திருப்பார்கள். அது காற்று நுழைவதற்கு. அந்த வழி அடைபட்டால் சொட்டு நின்றுவிடும். இன்றைய மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு அந்த ஊசி தேவையில்லை. சுற்றியுள்ள காற்றே பையை எல்லாப் பக்கமும் அமுக்கி, காலியாகும் இடத்தை அப்போதைக்கப்போது மூடிவிடுகிறது. விபத்தில் அடிபட்டு வந்தவருக்கு அவசரமாக ரத்தம் ஏற்ற வேண்டுமென்றால், ரத்தப் பையைச் சுற்றி ஓர் உறையை மாட்டி அதற்குள் காற்றை அடிக்கிறார்கள். 300 மில்லிமீட்டர் பாதரசம் வரை அழுத்தம் ஏறும். உயிர் போகும் நேரத்தில் உயிரை உள்ளே தள்ளுவதும் காற்றுதான்.

இதையே இன்னும் நுணுக்கமாகச் செய்கிறது காற்றழுத்தச் சிரிஞ்ச். விரலுக்குப் பதிலாக, அமுக்கிய காற்று தண்டைத் தள்ளுகிறது. விரல் நடுங்கும், களைக்கும், ஒரு நேரம் போல் மறுநேரம் அமுக்காது. காற்றோ ஒரே அளவாகத் தள்ளும். பரிசோதனைச் சாதனங்கள் செய்யும் இடங்களில் இப்படித்தான் ஒரே அளவான துளிகளை வரிசையாக வைக்கிறார்கள். துளியின் அளவைத் தீர்மானிப்பவை காற்றின் அழுத்தம், அது தள்ளும் நேரம், திரவத்தின் குழைவு, ஊசியின் நீளம், ஊசித்துளையின் அகலம் ஆகியவை. இவற்றில் கடைசியானது வியப்பானது. துளையின் அகலத்தைப் பாதியாக்கினால், அதே அழுத்தத்தில் திரவம் பாதியாக வராது. பதினாறில் ஒரு பங்குதான் வரும். 1840-களில் இதைக் கண்டுசொன்ன புவாசேய் ஒரு மருத்துவர். ரத்தம் நுண்குழாய்களில் எப்படி ஓடுகிறது என்று தேடப் போய் இந்த விதியை அடைந்தார். நம் உடம்பு இந்த விதியைத் தினமும் கையாள்கிறது: ரத்தக் குழாயின் சுவர் சற்றே சுருங்கினாலும் விரிந்தாலும் ரத்த ஓட்டம் பல மடங்கு மாறுகிறது. சிறு அசைவால் பெரிய ஓட்டத்தை ஆளும் வித்தை நமக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது.

தோலைத் துளைத்து மருந்து செலுத்தும் சிரிஞ்ச் 1853-இல்தான் உருவெடுத்தது. ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் உட், பிரான்சில் சார்லஸ் பிரவாஸ் என இருவர் தனித்தனியே அதைச் செய்தார்கள். அரை நூற்றாண்டு கழியும் முன்பே பம்பாயைப் பிளேக் சூறையாடியது. இங்கே தடுப்பு மருந்து உருவாக்கிய ஹாஃப்கின், 1897 ஜனவரி 10 அன்று அதைத் தன் உடம்பிலேயே முதலில் குத்திக்கொண்டார். பரேலில் அவர் பெயரால் நிற்கும் நிறுவனத்தை மும்பைத் தமிழர்கள் அறிவார்கள். நம் சித்த மருத்துவம் அதற்கும் வெகுகாலம் முன்பே புற மருத்துவம் முப்பத்திரண்டு என்று வகுத்தபோது, கொம்பு கட்டல், உறிஞ்சல், பீச்சு ஆகியவற்றை அதில் சேர்த்திருந்தது. முதல் இரண்டும் அழுத்தத்தைக் குறைத்து வாங்குவது. மூன்றாவது அழுத்தத்தைக் கூட்டிச் செலுத்துவது.

ஆனால் மனிதன் கண்டுபிடிக்கும்வரை இந்த வித்தை உலகில் இல்லாமலா இருந்தது? செம்பூர் சேடா நகரில் திருச்செம்பூர் முருகன் கோயில் படிகளை ஏறும்போது மார்பு விம்மித் தணிகிறதே, அங்கே அது நடந்துகொண்டிருக்கிறது. மார்புக்கூடு குழல், அதன் அடியில் கவிந்திருக்கும் உதரவிதானம் தண்டு. உதரவிதானம் கீழே இறங்குகிறது, விலா எலும்புகள் விரிகின்றன, உள்ளே இடம் உண்டாகிறது, வெளிக்காற்று நுழைகிறது. நாம் காற்றை இழுப்பதாகச் சொல்கிறோம்; இடம் கொடுக்கிறோம், காற்று வருகிறது என்பதே சரி. அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவது ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. அந்த ஆயிரத்தில் ஒன்றுக்கு அரை லிட்டர் காற்று உள்ளே வந்துவிடுகிறது. உயிர் பிழைத்திருக்க இவ்வளவு சிறிய முயற்சி போதும் என்று ஏற்பாடு செய்தவனின் கருணையை எப்படிச் சொல்வது!

முதல் மூச்சு மட்டும் இத்தனை எளிதன்று. கருவறையில் குழந்தையின் நுரையீரல் நீரால் நிறைந்திருக்கும். பிறந்த கணத்தில் அந்த நீரை ஒதுக்கிக் காற்றை ஏற்க, வழக்கமான மூச்சைவிடப் பல மடங்கு வலுவாக மார்பு விரிய வேண்டும். அதன் பிறகு நுரையீரலின் நுண்ணறைகள் மூடிக்கொள்ளாமலும் இருக்க வேண்டும். நனைந்த பாலிதீன் பையின் இரு பக்கமும் ஒட்டிக்கொள்வதுபோல அவை ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டாதிருக்க நுரையீரலே ஒரு வழவழப்பான பொருளைச் சுரந்து அறைகளின் உட்புறத்தில் பூசிக்கொள்கிறது. கருவின் கடைசி வாரங்களில்தான் அது போதுமான அளவு சேர்கிறது. முன்கூட்டிப் பிறந்த குழந்தைக்கு அது போதாது. அதனால்தான் மூச்சுக்குத் திணறுகிறது என்று 1959-இல் மேரி எல்லன் ஏவரி கண்டறிந்தார். 1980-இல் ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்துப் பக்குவப்படுத்திய அந்தப் பொருளைக் குழந்தைகளின் மூச்சுக்குழாய்க்குள் செலுத்திக் காப்பாற்றிக் காட்டினார். செலுத்துவது சில மில்லிலிட்டர்தான். செலுத்தும் கருவி ஒரு சாதாரணச் சிரிஞ்ச். 1 கிலோ எடையில் பிறந்த குழந்தை ஒரு மூச்சில் வாங்கும் காற்றும் சுமார் 5 மில்லிலிட்டர். மருந்துக்கடையில் கிடைக்கும் சிறிய சிரிஞ்சின் கொள்ளளவு. அந்தச் சிறிய மார்பில் இயங்குவதும் சிஸ்டரின் கையில் இருப்பதும் ஒரே விதி.

மூச்சுக்கு அடுத்து பால். தாயின் மார்பில் வாய் வைத்த குழந்தை உதடுகளால் சுற்றிலும் இறுக மூடிக்கொள்கிறது. பிறகு நாக்கைக் கீழே இறக்குகிறது. வாய்க்குள் அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் கூடுதலாகக் குறைவதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். நாக்கு இறங்கும் அந்த நொடியில்தான் பால் பாய்கிறது. அதோடு முடியவில்லை. குழந்தை வாய் வைத்ததை அறிந்ததும் தாயின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் சுரந்து, பால் சுரப்பிகளைச் சுற்றியுள்ள நுண்தசைகளைச் சுருங்கச் செய்கிறது. குழந்தை இடம் கொடுக்கிறது. தாய் தள்ளிக் கொடுக்கிறாள். இந்த இரண்டும் சேர்ந்த பம்பை எந்தத் தொழிற்சாலையும் செய்ததில்லை.

உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சு விடுதல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று மோதாமல் இசைவது கருவின் 34-ஆம் வாரத்தை ஒட்டித்தான். அதற்கு முன் பிறந்துவிட்ட குழந்தைக்குப் பசி உண்டு, உறிஞ்சத் தெரியாது. அந்த இடைவெளியை மனிதக் கை நிரப்ப வேண்டியிருக்கிறது. அதைச் செய்து காட்டிய பெருமை சயான் ஆஸ்பத்திரிக்கு உண்டு. 1989 நவம்பரில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் இங்கே தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி அது. நோயில்லை என்று பரிசோதித்து உறுதி செய்யப்பட்ட தாய்மார்கள் தம் குழந்தை குடித்ததுபோக மிஞ்சிய பாலைத் தருகிறார்கள். அந்தப் பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கி, கிருமி இருக்கிறதா என்று சோதித்து, உறைநிலைக்குக் கீழே வைத்துக் காக்கிறார்கள். குறைமாதத்தில் பிறந்து, சொந்தத் தாயின் பால் கிடைக்காத பச்சிளம் குழந்தைக்கு முகம் தெரியாத இன்னொரு தாயின் பால் கிடைக்கிறது. பால் கொடுத்தவர், குடித்தவர் இருவரின் சாதியும் மொழியும் அங்கே யாரும் கேட்பதில்லை.

அந்தப் பால் குழந்தைக்குள் போகும் விதத்தையும் சொல்ல வேண்டும். மெல்லிய குழாயை வாய் அல்லது மூக்கு வழியே இரைப்பைக்கு இறக்கி, அதன் மேல்முனையில் சிரிஞ்சைப் பொருத்துகிறார்கள். தண்டைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். திறந்த குழலில் பாலை ஊற்றி உயரப் பிடித்தால், பால் தன் எடையாலேயே மெதுவாக இறங்கும். தள்ளினால் அந்தச் சின்ன இரைப்பை தாங்காது. வேகம் கூடினால் கையைச் சற்றுத் தாழ்த்துவார்கள். இன்னும் கொஞ்சம் தேறிய குழந்தைக்குப் பாலாடையால் புகட்டுகிறார்கள். நம் பாட்டிமார் பிரசவ வீட்டுக்கு எடுத்துவரும் மூக்குள்ள அதே கிண்ணம் இன்று இந்திய ஆஸ்பத்திரிகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் புழங்குகிறது. அழுத்தத்தை எங்கே கூட்ட வேண்டும், எங்கே குறைக்க வேண்டும், எங்கே அடியோடு விட்டுவிட வேண்டும் என்று அறிவதுதான் மருத்துவத்தின் கைப்பக்குவம்.

இதே விதி வானத்திலும் ஆள்கிறது. மே மாத வெயிலில் வடமேற்கு இந்தியாவின் பாலைநிலம் கொதித்துக் காற்று மேலெழுகிறது. அங்கே அழுத்தம் நூற்றில் ஓரிரு பங்கு குறைகிறது. அந்தக் குறைவை நோக்கிக் கடற்காற்று நீரைச் சுமந்துகொண்டு புறப்படுகிறது. ஜூன் இரண்டாம் வாரம் தாராவியின் தகரக் கூரைகளில் மழை கொட்டத் தொடங்குகிறது. குழந்தையின் மார்பிலும் மழையின் வரவிலும் நடப்பது ஒன்றே: ஓரிடம் சற்றே காலியாகிறது, படைப்பு அதை நிரப்ப ஓடி வருகிறது.

நம் முன்னோர் ஐம்பூதங்களுக்கும் தலம் வகுத்தபோது காற்றுக்குக் காளத்தியையும் வெளிக்குச் சிதம்பரத்தையும் தந்தார்கள். ஆகாயத்திலிருந்து காற்று பிறந்தது என்றும் வரிசை சொன்னார்கள். வெளி இல்லாமல் காற்றுக்கு வேலை இல்லை என்ற உண்மை அந்த வரிசையில் இருக்கிறது. சிரிஞ்சில் தண்டு விட்டுக்கொடுக்கும் வெளியும், மூச்சில் மார்பு விட்டுக்கொடுக்கும் வெளியும், வாயில் நாக்கு விட்டுக்கொடுக்கும் வெளியும் அந்தப் பெருவெளியின் சிறு பங்குகள்.

மருத்துவம் எவ்வளவு வளர்ந்தாலும் காற்றின் எடையை யாரும் செய்ததில்லை. ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்ததைக் கண்டு, பணிந்து, பயன்படுத்திக்கொண்டார்கள். சயானில் ஒரு தாய் தன் மிச்சப் பாலைக் கொடுக்கும்போதும் செய்வது அதைத்தான்: தனக்குத் தரப்பட்டதை இன்னோர் உயிருக்கு வழிவிட்டுத் தருகிறாள். நிரப்புவது இறைவன் பொறுப்பு. இடம் கொடுப்பது நம் பொறுப்பு. அதை நாள்தோறும் நமக்குக் கற்பிக்கவே இருபதாயிரம் தடவைக்கு மேல் மூச்சு விட வைத்திருக்கிறான்.