சம்மதம் கேட்கும் விளம்பரம்

நமது சங்க மலருக்கு விளம்பரம் சேகரிப்பவன் என்ற முறையில் இதில் எனக்குத் தனி அக்கறை. காப்பித்தூள் கடைக்காரர் சமையல் குறிப்புப் பக்கத்தை ஒட்டி இடம் கேட்பார். வாசகர் நேற்று என்ன வாங்கினார் என்று விசாரிக்கமாட்டார். இணையப் பத்திரிகைகளில் விளம்பரம் தரும் நிறுவனங்களோ 'குக்கி' என்ற சிறு அடையாளக் குறிப்பை நம் கணினியில் போட்டுவிட்டு, போகுமிடமெல்லாம் நம்மைத் தொடர்கின்றன.

2018 மே 25 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு வாசகரின் தெளிவான சம்மதம் வேண்டும். பலர் 'சரி' பொத்தானைப் பெரிதாக்கி, 'வேண்டாம்' என்பதை ஒளித்து வைத்தனர். (இதற்குப் பெயர் சம்மதமா?) நெதர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் நேர்மையாகவே கேட்டது, பெரும்பாலோர் மறுத்துவிட்டனர். அதன் விளம்பரப் பிரிவான 'ஸ்டெர்', 2020 ஜனவரியில் குக்கியையே கைவிட்டு நம் காப்பித்தூள்காரர் வழிக்கு வந்தது: நிகழ்ச்சிக்கேற்ற விளம்பரம். அம்மாத இணைய விளம்பர வருமானம் முந்தைய ஜனவரியைவிட 61 சதவீதம் அதிகம்! இடைத்தரகர்களுக்குப் போன பங்கு மிஞ்சியதும் ஒரு காரணம். பொதுப்பணத்தில் நடக்கும் நிறுவனம், துணிந்தது. சிறு பத்திரிகைகளுக்கு அத்தனை எளிதல்ல.

நமது நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதம் கேட்கச் சொல்கிறது. அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலுமோ படிக்க வசதி தரவேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம். அதன்பின் தில்லியில் இருக்கும் நம் வீட்டுப் பெரியவர்களும் தமிழிலேயே படித்துவிட்டு 'வேண்டாம்' எனலாம்.