மீதரவு அறுவடையும் வன்னி ஆவணங்களும்

ஒரு பொருள் இருத்தல் வேறு. அஃது இன்ன இடத்தில் இருக்கின்றதெனப் பிறர் அறிந்திருத்தல் வேறு. வன்னி நிலத்தைப் பற்றி ஆராயப் புகும் மாணவன் முதலில் எதிர்ப்படும் இடர் இதுவேயாகும். கிளிநொச்சியின் நீர்ப்பாசனம், முல்லைத்தீவின் கரையோரத் தொழில், வவுனியாவின் குடியேற்றம் ஆகியன குறித்து எழுதப்பட்டவை குறைவல்ல. ஆயின் அவற்றுள் ஒரு பகுதி கொழும்பிலுள்ள திணைக்களங்களிலும், ஒரு பகுதி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்திலும், ஒரு பகுதி இலண்டனிலும் கிடக்கின்றன. அண்மைக்காலத்து எண்தரவுகளோ கண்காணாத நாடுகளில் நிறுவப்பட்ட கணினிக் களஞ்சியங்களில் உறைகின்றன. இவற்றையெல்லாம் ஓரிடத்திற் கொணர்ந்து குவித்தல் இயலாது, குவிக்க வேண்டுவதுமில்லை. அவற்றின் விவரங்களை மட்டும் ஓரிடத்திற் சேர்த்துவிடின் தேடுவோன் வழி கண்டுகொள்வான். அவ்விவரங்களைச் செய்நிரல் கொண்டு திரட்டும் முறை எத்தகையது, வன்னி ஆவணங்களுக்கு அதனைப் பயன்படுத்துங்கால் அஃது எங்கெங்கே இடறும் என்பவற்றை ஈண்டு நோக்குவாம்.

தரவைப் பற்றிய தரவே மீதரவு எனப்படும். பெயர் புதிதாயினும் பொருள் பழையது. ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு நிலமன்று. நிலம் எங்குள்ளது, எவருக்குரியது என்பதைக் கூறும் ஏடு. நூலகத்தின் அட்டைப் பட்டியலும் அத்தகையதே. நூலாசிரியர், தலைப்பு, ஆண்டு, அடுக்கின் எண் ஆகியவற்றை ஒரு சிறு அட்டை கூறுகிறது. நூலின் ஒரு வரியையேனும் அது கூறுவதில்லை. எனினும் அட்டை தொலைந்த நூல், அடுக்கில் இருந்தும் இல்லாததாகிவிடுகிறது என்பதை நூலகத்திற் பழகிய எவரும் அறிவர்.

பல நூலகங்களின் அட்டைகளைக் கணினி வழியே ஒன்றுசேர்க்கும் முயற்சிக்கு ஓர் உறுதியான விதிமுறை 1999ஆம் ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்காவின் சாந்தா ஃபே நகரில் நடந்த கூட்டத்தின் பயனாகத் தோன்றியது. அதன் முதற் பதிப்பு 2001இலும், இன்றுவரை வழங்கும் இரண்டாம் பதிப்பு 2002இலும் வெளிவந்தன. அவ்விதிமுறை இப்பணிக்கு இட்ட பெயர் ‘அறுவடை’ என்பதாகும். நெல் விளையும் நாட்டினராகிய நமக்கு இப்பெயர் நன்கு விளங்கும். அறுவடைக்கு வருவோன் களஞ்சியத்தை நோக்கி ஆறு வகைக் கேள்விகளே கேட்கலாம். நீ யார், உன் பதிவுகளை எந்தெந்த வடிவிலே தருவாய், அவற்றை எவ்வெத் தொகுதிகளாக வகுத்துள்ளாய், அவற்றின் அடையாள எண்கள் யாவை, பதிவுகள் அனைத்தையும் தருக, இன்ன பதிவை மட்டும் தருக என்பனவே அவை. ஒவ்வொரு பதிவும் குறைந்தது பதினைந்து கூறுகள் கொண்ட டப்ளின் வடிவில் வழங்கப்படல் வேண்டும். (இந்த டப்ளின் அயர்லாந்துத் தலைநகரன்று, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள ஒரு சிற்றூர். அவ்வடிவத்துக்கு அடிகோலிய கூட்டம் 1995இல் அங்கே நடந்தது.) யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் களஞ்சியம் ‘டிஸ்பேஸ்’ என்னும் மென்பொருளின்மீது அமைந்தது, அம்மென்பொருள் இவ்விதிமுறையை அறியும். 2005இலே தொடங்கப்பெற்று ஈழத்துத் தமிழ் நூல்களையும் கல்லூரி மலர்களையும் எண்ணிமப்படுத்தி வழங்கிவரும் நூலகம் இணையத்தளம் விக்கிப்பீடியா பயன்படுத்தும் மீடியாவிக்கி மென்பொருளிலே இயங்குகிறது. அது வேறொரு கேள்விமுறையை உடையது. எனினும் கேட்டுப் பெறும் தத்துவம் ஒன்றே.

நூலகத்தில் வழங்கிய இம்முறை, பெருந்தரவுகளைக் காக்கும் முகிற்கணிமைக்கும் இந்நூற்றாண்டிலே வேண்டியதாயிற்று. பிறருடைய கணினிகளை வாடகைக்கு எடுத்து அவற்றிலே தரவைச் சேமிப்பதே முகிற்கணிமை. அமேசன் நிறுவனம் 2017இல் ‘குளூ’ என்னும் சேவையைத் தொடங்கிற்று. பசை என்பது அச்சொல்லின் பொருள். அதனுள் அமைந்த தரவுப் பட்டியல், இன்ன அட்டவணை, அதன் நிரல்கள் இவை, அதன் கோப்புகள் இன்ன இடத்தில் உள்ளன எனக் குறித்து வைக்கிறது. ஒரு நிறுவனத்துக்கு இத்தகைய பட்டியல்கள் பல ஏற்படவே, பட்டியல்களுக்கும் ஒரு பட்டியல் தேவைப்பட்டது. அதுவே கண்டறிதளம். வாடகை வண்டி நடத்தும் லிஃப்ற் நிறுவனத்தார் தாம் அமைத்த தளத்தை 2019இற் பொதுமக்களுக்கும் வழங்கி, 1911இலே தென்துருவத்தை முதலில் அடைந்த நோர்வே நாட்டு அமுண்ட்சனின் பெயரை அதற்கு இட்டனர். லிங்டின் நிறுவனத்தார் அமைத்த ‘டேட்டாஹப்’ 2020இற் பொதுவிலே வெளிவந்தது. இவற்றின் பெருமையைப் பேசுவோர் ‘யாவும் தானாகவே நிகழும்’ என்பர். தானாக நிகழ்வன எவை, மனிதன் செய்யாவிடின் ஒருபோதும் நிகழாதன எவை என்று பிரித்தறிதல் நன்று.

செய்நிரல் முதலில் அனுமதி பெறல் வேண்டும். அதற்கென வகுக்கப்பட்ட உரிமை எதுவோ அதன் எல்லைக்குட்பட்ட பட்டியலையே அது காணும். காணாதவை இல்லாதவையாகவே அதன் கணக்கில் அமையும். அடுத்து, அமேசனின் பட்டியல் ஒவ்வொரு கணக்குக்கும் ஒவ்வொரு வலயத்துக்கும் தனித்தனியே உள்ளதாதலின், வலயந்தோறும் சென்று கேட்டல் வேண்டும். முதலிலே தரவுத்தளங்களின் பெயர்களையும், பின்னர் ஒவ்வொன்றிலுமுள்ள அட்டவணைகளையும், அவற்றின் நிரல்களையும் அது வினவும். விடை ஒரே மூச்சில் வாராது. ஒரு முறைக்கு நூறு அட்டவணைகளுக்கு மேல் தரப்படமாட்டா. மிகுதி இருப்பின் ஒரு துண்டு கொடுக்கப்படும். கச்சேரியிலே இலக்கத் துண்டு பெற்று வரிசையில் நிற்பவர்போல, அத்துண்டைக் காட்டியே அடுத்த பகுதியைக் கேட்டுப் பெறவேண்டும். நூலகங்களின் விதிமுறையிலும் இதே துண்டு முறை உண்டு. துண்டைக் கவனியாது முதற் பகுதியுடன் நின்றுவிடும் செய்நிரல் பிழைச்செய்தி எதுவும் காட்டாது. நூறு பதிவுகளுடன் பணி இனிதே முடிந்ததெனக் கூறும். இதனினும் தீய பிழை வேறில்லை. கேள்விகளை மிக விரைவாக அடுக்கினாலோ களஞ்சியம் ‘பொறு’ என்று விடை தரும். பொறுத்துப் பின் கேட்கச் செய்நிரலுக்குக் கற்பித்தல் வேண்டும்.

பெற்றவற்றைப் பொதுவடிவாக்கி, ஒவ்வொரு பொருளுக்கும் மாறாத ஓர் அடையாளம் இட்டுத் தளத்திற் சேர்ப்பது அடுத்த பணி. இங்கேதான் நுணுக்கம் உள்ளது. அமேசனின் ‘அதீனா’ என்னும் வினவற் சேவை குளூவின் பட்டியலையே தன் பட்டியலாகக் கொள்கிறது. இரண்டிடத்தும் சென்றுவரும் செய்நிரல் ஓர் அட்டவணையை இரண்டெனக் கருதக்கூடும். இரண்டும் ஒன்றே என எவரோ குறித்துவைத்தால் மட்டுமே அது தெளியும்.

இனி வன்னிக்கு வருவாம். ஒன்றை இரண்டெனவும் இரண்டை ஒன்றெனவும் கொள்ளும் மயக்கம் இங்கே பன்மடங்காகும். முல்லைத்தீவு மாவட்டத்தின் கரையோரப் பிரதேச செயலகப் பிரிவு தமிழிலே கரைதுறைப்பற்று எனப்படும்; ஒற்று மிக்குக் கரைத்துறைப்பற்று என எழுதுவாரும் உளர். ஆங்கில ஆவணங்களோ அதனை ‘மரிரைம்பற்று’ என்று குறிக்கின்றன; பாதி மொழிபெயர்ப்பு, பாதி ஒலிபெயர்ப்பு. இம்மூன்றும் ஓரிடமே என்பது அவ்வூர்ச் சிறுவனுக்கும் தெரியும். எத்துணை விரைவாய் ஓடும் செய்நிரலுக்கும் தெரியாது. முல்லைத்தீவு என்னும் பெயரையே எடுத்துக்கொண்டால், ஆங்கிலத்திலே ‘ரீ’ என்னும் எழுத்தை ஒருமுறை இடுவாரும் இருமுறை இடுவாரும் உளர். ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைந்நூல் இருமுறை இடுகிறது. இக்கால அரச ஆவணங்கள் ஒருமுறையே இடுகின்றன. இக்கால எழுத்தைத் தட்டித் தேடுவோனுக்கு, வன்னியைப் பற்றிய தலையாய ஆங்கில நூலே தென்படாது போகலாம்.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாடும் உண்டு. ‘கொ’ என்னும் எழுத்தைக் கணினி இருவகையாகச் சேமிக்கலாம்: ககரத்துடன் ஒகரக்குறி ஒன்றாக, அல்லது ககரத்துடன் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பொறிக்கு இரண்டும் வேறு. கிளிநொச்சியின் ‘நொ’வும் இவ்வாறே. இம்மயக்கத்தை யூனிகோட் தரநிலையின் இயல்பாக்க முறையால் நீக்கலாம். அறுவடையின் வாயிலிலேயே நீக்கிவிடல் வேண்டும். ஆனால் ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டெழுதும் வழக்கத்தை எந்த இயல்பாக்கமும் திருத்தாது. ஏனெனில் பொறியின் கணக்கில் அது பிழையன்று, வேறொரு சொல்.

பெயரினும் பெரிய இடர் எல்லையாகும். முல்லைத்தீவு மாவட்டம் 1978இலே தோன்றியது. அதன் பெரும்பகுதி அதுவரை வவுனியா மாவட்டத்துக்கு உரியதாயிருந்தது. கிளிநொச்சி 1984இலே யாழ்ப்பாண மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்டது. ஆகவே இரணைமடுவின் நீர் பாயும் வயல்களைப் பற்றி 1960இலே எழுதப்பட்ட அறிக்கை யாழ்ப்பாண மாவட்டம் என்னும் தலைப்பின் கீழேயே இருக்கும். ‘கிளிநொச்சி மாவட்டம்’ எனத் தேடுவோன் 1984க்குப் பிற்பட்டவற்றை மட்டுமே பெறுவான். அதற்கு முன்பு இந்நிலம் பற்றி எவரும் எழுதவில்லையென முடிவும் செய்வான். குடிசன மதிப்பீட்டுத் தரவுகளில் இவ்விடர் மேலும் கடியது. 1981இன் பின்னர் நாடு முழுவதையும் தழுவிய மதிப்பீடு 2012இலேதான் நடந்தது. இடையே 2001இல் நடந்த மதிப்பீடு 18 மாவட்டங்களில் மட்டுமே நிறைவுற்றது; வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மூன்றும் அவற்றுள் அடங்கா. 2001ஆம் ஆண்டு அட்டவணை ஒன்றைக் கண்டெடுத்த செய்நிரல், ‘இலங்கை, 2001’ எனக் குறித்து மேற்செல்லும். அவ்வட்டவணையில் வன்னி இல்லை என்பதைக் குறிக்க வேண்டியவர் அதனை ஆக்கியோரே. டப்ளின் வடிவத்திலே இடத்தையும் காலத்தையும் குறிக்கும் ‘பரப்பு’ என்னும் கூறு இதற்கென்றே உள்ளது. பெரும்பாலும் அது வெற்றிடமாகவே விடப்படுகிறது.

ஓரளவு தீர்வும் உண்டு. புள்ளிவிவரத் திணைக்களம் மாவட்டங்களுக்கு எண்கள் வழங்கியுள்ளது: வவுனியா 43, முல்லைத்தீவு 44, கிளிநொச்சி 45. ஐக்கிய நாடுகளின் மனிதாபிமான அலுவல்கள் இணைப்பகம் 2014இலே தொடங்கிய தரவுப் பரிமாற்றத் தளம் இவ்வகை எண்களாலேயே எல்லைப் படங்களையும் அட்டவணைகளையும் இணைக்கிறது. பெயரெழுத்து எவ்வாறு திரிந்தாலும் எண் திரியாது. எண்ணுடன், அவ்வெல்லை எந்த ஆண்டு முதல் வழங்குகிறது என்பதையும் சேர்த்துக் குறித்தால் 1960ஆம் ஆண்டு அறிக்கையும் தன் நிலத்துக்கு வந்து சேரும். எனினும் இந்த ஒப்பீட்டுப் பட்டியலை ஆக்கவேண்டியவர், பற்றுகளையும் ஊர்களையும் பழைய பெயர்களையும் அறிந்த இந்நிலத்து ஆசிரியர்களேயன்றிப் பிறரல்லர்.

மனிதர் சேர்த்த இத்தகைய குறிப்பை அடுத்த அறுவடை அழித்துவிடாது காத்தலும் வேண்டும். டேட்டாஹப் தளம் செய்நிரல் கொணர்ந்த விளக்கத்தையும் மனிதர் எழுதிய விளக்கத்தையும் வெவ்வேறு அறைகளில் வைப்பது இதனாலேயாகும். செய்நிரல் தன் அறையைத் திரும்பத் திரும்ப எழுதலாம், மற்றையதைத் தீண்டாது.

இறுதியாக, அழிந்தவற்றைப் பற்றி. ஒரு களஞ்சியத்திலிருந்து ஒரு பொருள் நீக்கப்படின் அதன் பதிவு என்னாவது? நூலக விதிமுறை மூன்று வழக்கங்களை ஒப்புக்கொள்கிறது. நீக்கிய செய்தியை வைத்திராத களஞ்சியம் ஒன்று. சில காலம் வைத்திருப்பது ஒன்று. ‘இஃது இருந்தது, நீக்கப்பட்டது’ என்பதை என்றும் வைத்திருப்பது மற்றொன்று. டேட்டாஹப் போன்ற தளங்களும், முன்னைய அறுவடையிற் கண்டு இப்போது காணாத பொருளை மறைத்துவைக்கலாமேயன்றி உடனே துடைத்தல் வேண்டுவதில்லை. பிற நிறுவனங்களுக்கு இஃது ஒரு சிறு தெரிவு. 1981இலே யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களை நெருப்பில் இழந்து, 2009இல் முடிவுற்ற போரிலே வன்னியின் நூல்நிலையங்களையும் அலுவலக ஏடுகளையும் பெருமளவு இழந்த மக்களுக்கு இது சிறு தெரிவன்று. எவை இருந்தன என்றே தெரியாதவிடத்து, எவற்றைத் தேடுவது? பிற நாட்டு நூலகமொன்றிலோ தனியார் வீட்டுப் பேழையிலோ மறு பிரதி இருத்தல் கூடும். அழிந்ததன் பதிவு எஞ்சியிருந்தால் மட்டுமே அப்பிரதியை அடையாளங்காண முடியும். ஆதலின் நம்மவர் அமைக்கும் எந்தத் திரட்டிலும் மூன்றாம் வழக்கமே கைக்கொள்ளப்படல் வேண்டுமென்பது என் துணிபு.

இதற்கு மறுதலையாக, சில விவரங்களைத் திரட்டாமையும் கடனாகும். மீதரவு தரவன்று என்பது உண்மையே. ஆனால் ஓர் அட்டவணையின் பெயர் காணாமற்போனோரைக் குறிக்குமாயின், அதன் நிரல்கள் அடையாள அட்டை எண்ணையும் முகவரியையும் குறிக்குமாயின், ஒரு வரித் தரவும் வெளிவராமலே அத்தகைய பட்டியல் இன்னாரிடம் உண்டு என்பது வெளிப்பட்டுவிடும். செய்நிரலின் உரிமையை வகுப்போர் இதனை முன்னரே எண்ணிப் பார்த்தல் வேண்டும். கண்டபின் மறைத்தல் பயனற்றது.

கல்லூரி அளவிலே தொடங்கத்தக்க பணி ஒன்றுண்டு. கல்லூரி மலர்கள் யாவற்றிலும் வெளிவந்த கட்டுரைகளுக்கு, ஒன்றுக்கு ஒரு வரியாக, ஒரு விரிதாளிலே ஆண்டு, பக்கம், தலைப்பு, எழுதியவர், பேசப்படும் ஊர், அவ்வூரின் மாற்றுப் பெயர்கள், அக்காலத்து மாவட்டம், இக்காலத்து மாவட்ட எண், மலரின் பிரதி இப்போது இருக்குமிடம் ஆகியவற்றை உயர்வகுப்பு மாணவர் நிரப்பலாம். பிரதி கிடைக்காத மலர்களுக்கும் வரி உண்டு. இருப்பிடக் கட்டத்தில் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதி, தேடிய நாளையும் குறித்தல் வேண்டும்.