முதலை கடித்த மனிதனும் 63 ஓசைகளும்

குழந்தைகளே, போன மாதம் காட்டூரில் எங்கள் வீட்டில் ஒரு கூத்து நடந்தது.

ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேரனின் பள்ளியில் நாடகம். நடிப்பதற்குப் பத்துப் பேர் இருந்தார்கள். பின்னணி ஓசைகளுக்கு இவன்தான் பொறுப்பு. செல்போனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். உய்யக்கொண்டான் வாய்க்காலில் ஓடும் தண்ணீர், தஞ்சாவூர் சாலையில் லாரி ஹாரன், ரயில், சேவல், மழை என்று ஒரே வாரத்தில் 63 ஓசைகளைப் பிடித்து வந்தான்.

ஒத்திகை நாள். மேடையில் மழை பெய்ய வேண்டும். இவன் செல்போனில் விரலை வைத்தான். குக்கர் விசிலடித்தது! அவசரமாக அடுத்ததைத் தொட்டான். சேவல் கூவியது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்க, முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தான்.

"ரெக்கார்டிங் 1, ரெக்கார்டிங் 2ன்னு 63 வரைக்கும் வெறும் நம்பர்தான் இருக்கு தாத்தா. இதுல எது மழைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றான்.

எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். சிரிக்கிற தகுதி எனக்கு இல்லை. காரணம் கேளுங்கள்.

1980களில் நான் இளம் ஆசிரியர். பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்காக டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி, பொன்மலையில் ரயில் பாதை ஓரமாக அரை நாள் காத்திருந்து, நீராவி இன்ஜின் ஓசையைக் கேசட்டில் பதிந்தேன். முதலில் நீளமாக ஒரு கூவல். பிறகு 'குப்... குப்...' என்று மெல்ல ஆரம்பித்து, மூச்சு வாங்கி, வேகம் பிடித்து, தூரத்தில் தேய்ந்து மறையும். விழாவில் அதைப் போட்டபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அந்தக் கேசட்டை அப்படியே அலமாரியில் போட்டேன். மேலே ஒரு வரி எழுதி ஒட்டவில்லை. கேசட்டின் முதுகில் சின்னப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன் மேல் வேறு எதையும் பதிய முடியாது. அதையும் செய்யவில்லை. ஒன்றும் எழுதாத கேசட் காலி கேசட் என்று நினைத்து, வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் வானொலியிலிருந்து சினிமாப் பாட்டு பதிந்துகொண்டார். அவர் மேல் என்ன தப்பு?

மறுபடி பதியலாம் என்றால், அந்த இன்ஜின்கள் நம் பாதைகளில் இப்போது ஓடுவதில்லை. பொன்மலைப் பணிமனையில் நீலகிரி மலை ரயிலுக்காகப் புதிய நீராவி இன்ஜின்கள் செய்தார்கள் என்பது உண்மைதான். 2021இல்கூட நிலக்கரியில் ஓடும் இன்ஜின் ஒன்றைச் செய்து அனுப்பினார்கள். ஆனால் அது மலை ஏறுகிற இன்ஜின். அதன் குரலே வேறு.

ஒரு வரி எழுதி வைத்ததால் பிழைத்த ஓசை ஒன்றும் உண்டு. அது அமெரிக்காவில். 1951இல் வெளிவந்த 'டிஸ்டன்ட் டிரம்ஸ்' என்ற படத்தில், சதுப்பு நிலத்தில் நடந்து போகும் ஒருவரை முதலை கடிக்கிறது. அதற்காக ஒரு நடிகரை அலற வைத்துப் பதிந்தார்கள். பட நிறுவனத்தின் ஒலிக் களஞ்சியத்தில் அந்த நாடாவை வைத்தபோது, முதலை கடித்து ஒரு மனிதன் அலறுகிறான் என்று யாரோ ஒருவர் பொறுப்பாகக் குறித்து வைத்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, பென் பர்ட் என்ற ஒலி வடிவமைப்பாளர் பழைய ஓசைகளைத் தேடியபோது அந்தக் குறிப்பு அவர் கண்ணில் பட்டது. 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் அந்த அலறலைப் பயன்படுத்தினார். அதற்கு 'வில்ஹெல்ம் அலறல்' என்று பெயரும் வைத்தார். அதன் பிறகு நூற்றுக்கணக்கான படங்களில் அதே மனிதர் அதே குரலில் அலறிக்கொண்டிருக்கிறார். பாவம், முதலை விட்டாலும் சினிமாக்காரர்கள் விடவில்லை!

தேங்காய்ச் சிரட்டைக் குதிரை

நம் திருச்சி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16இல் தொடங்கியது. வானொலி நாடகத்தில் படம் கிடையாது. இடி, மழை, குதிரை எல்லாமே காது வழியாகத்தான் வர வேண்டும். உலகம் முழுக்க வானொலிக்காரர்கள் இதற்குக் கைவேலை வைத்திருந்தார்கள். தகரத் தகட்டை ஆட்டினால் இடி. தேங்காய்ச் சிரட்டை இரண்டைத் தட்டினால் குதிரைக் குளம்பு. குடையைப் படபடவென்று விரித்து மடக்கினால் பெரிய பறவையின் சிறகடிப்பு. (குடை உடைந்தால் நான் பொறுப்பில்லை.) சினிமாவில் படத்தைப் பார்த்துக்கொண்டே இப்படி ஓசை எழுப்பும் கலைக்கு 'ஃபோலி' என்று பெயர். ஜாக் ஃபோலி என்ற அமெரிக்கரின் பெயர் அது.

கையால் செய்ய முடியாத ஓசைகளை இசைத்தட்டிலும் நாடாவிலும் பதிந்து, அட்டைக் குறிப்பு எழுதி, அடுக்கி வைத்தார்கள். இன்று அதெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. பிபிசி நிறுவனம் 2018இல் தன் களஞ்சியத்திலிருந்து 16,000 ஓசைகளை இணையத்தில் திறந்து வைத்தது. ஒரு நொடி ஒன்றுக்கு என்று வைத்தாலும், எல்லாவற்றையும் தட்டிப் பார்க்க நாலரை மணி நேரம் ஆகும். சினிமாவுக்கு ஒலி சேர்ப்பவர்களிடம் லட்சக்கணக்கான ஓசைகள் இருக்கும். அவற்றில் ஒரு மழையைத் தேடுவது எப்படி?

இதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. சவுண்ட்மைனர், பேஸ்ஹெட், சவுண்ட்லி என்று பெயர்கள். சென்னையில் குறும்படங்களுக்கு ஒலி சேர்க்கும் என் பழைய மாணவர் ஒருவர், ஊருக்கு வந்தபோது லேப்டாப்பில் இப்படிப்பட்ட ஒன்றைக் காட்டினார். பேரன் அவர் தோளைவிட்டு நகரவில்லை.

ஒரு சொல்லைத் தட்டினால் பொருத்தமான ஓசைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓசையின் படம் கோடு கோடாகத் தெரிகிறது. சத்தம் பெரிதாக உள்ள இடத்தில் கோடு உயரம், அமைதியான இடத்தில் குட்டை. எந்த இடத்தில் தொட்டாலும் அங்கிருந்து கேட்கலாம். வேண்டிய துண்டை மட்டும் பிடித்து இழுத்துப் படத்தில் சேர்த்துவிடலாம். வேகத்தைக் குறைத்தும் கேட்கலாம். 'ஜுராசிக் பார்க்' படத்தின் டைனோசர் உறுமலை 1993இல் எப்படிச் செய்தார்கள் தெரியுமா? யானைக் குட்டியின் பிளிறலை மெதுவாக்கி, அதோடு புலியையும் முதலையையும் கலந்தார்கள்!

"ஓசையோட விவரம் எங்கே இருக்கு சார், சொல்லுங்க பார்ப்போம்" என்று என்னையே மடக்கினார் மாணவர். ஃபைலின் பெயரில்தான் என்றேன். அது மட்டும் போதாதாம். 'வேவ்' வகை ஃபைலுக்குள் ஓசையோடு எழுத்துகளையும் சேர்த்து வைக்க இடம் உண்டு. யார் பதிந்தது, எங்கே, எப்போது, எந்த மைக்கில் என்பதெல்லாம் உள்ளேயே இருக்கும். சட்டையின் உள்பக்கம் சலவைக் குறி போடுவார்களே, அது மாதிரி. சட்டை எந்த வீட்டுக்குப் போனாலும் குறியும் கூடவே போகும்.

ஆளுக்கு ஒரு விதமாகப் பெயர் வைத்தால் குழப்பம் வருமே? டிம் நீல்சன் முதலான ஒலி வடிவமைப்பாளர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு பெயர் முறையை 2020இல் வெளியிட்டார்கள். அதில் எண்பதுக்கும் மேற்பட்ட பெரும் பிரிவுகள். மழை ஒரு பிரிவு. மழைக்குள் தகரத்தில் விழும் மழை, இலைகளில் விழும் மழை, தண்ணீரில் விழும் மழை என்று உட்பிரிவுகள். மூலப் பெயர்கள் ஆங்கிலத்தில்.

எனக்குள் இருந்த வாத்தியார் இங்கே விழித்துக்கொண்டார். ஓசைக்குப் பெயர் வைப்பதில் தமிழுக்குக் குறையா என்ன? காகம் கரையும், மயில் அகவும், யானை பிளிறும், ஆந்தை அலறும், வண்டு முரலும் என்று மரபுச் சொற்கள் படித்திருப்பீர்களே. ஓடை சலசல, இலை சரசர, கண்ணாடி உடைந்தால் சிலுசிலு என்றா சொல்வோம்? 'கலீர்' என்போம். தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்த இரட்டைக்கிளவிகளைப் பேரன் பெயர்ச்சீட்டுகளாக எழுத ஆரம்பித்தான். 'மழை, தகரக் கொட்டகை, படபட, காட்டூர், இரவு 8 மணி.' இப்படி ஒவ்வொன்றாக.

கேட்காமல் எழுத முடியாது அல்லவா? 63ஐயும் உட்கார்ந்து கேட்டான். இரண்டு நாள் மாலை அதற்கே போயிற்று. விளையாடப் போகவில்லை என்று அவனுக்கு வருத்தம்தான்.

இப்போது புதிதாக இன்னொரு வசதியும் வந்திருக்கிறது. பெயரே எழுதாத ஓசையைக் கம்ப்யூட்டரே கேட்டு, அதைப்போல ஒலிக்கும் மற்ற ஓசைகளைத் தேடித் தரும். பார்சிலோனா நகரப் பல்கலைக்கழகம் ஒன்று 2005இல் தொடங்கிய 'ஃப்ரீசவுண்ட்' என்ற இணையக் களஞ்சியத்தில்கூட இந்த வசதி உண்டு. ஆனால் முழுசாக நம்பிவிடக் கூடாது. எண்ணெயில் அப்பளம் பொரிவது, மழை கொட்டுவது, அரங்கத்தில் கைதட்டுவது மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நாமே ஏமாறுவோம்.

பேரனும் ஏமாந்தான். 62 ஓசைகளுக்குச் சீட்டு எழுதியாயிற்று. 41ஆவது மட்டும் பிடிபடவில்லை. 'சொர்ர்ர்' என்று ஒரே இரைச்சல். மழை என்றான் அவன். நான் அப்பளம் என்றேன். மறுபடி மறுபடி போட்டுக் கேட்டோம். தீர்ப்பு கிடைக்கவில்லை.

சமையல் அறையிலிருந்து பாட்டி எட்டிப் பார்த்தாள்.

"என்னைக்கு எடுத்ததுன்னு அதுலயே போட்டிருக்கும், பாரு."

பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை, பகல் 12.20.

"அன்னைக்கு ஏதுடா மழை? வெயில் கொளுத்துச்சே. அது வத்தல் பொரிச்சது. சுண்டைக்காய் வத்தல்."

41ஆவது சீட்டில் பேரன் அப்படியே எழுதிக்கொண்டான்.