பழைய பொருளைத் தொட்டால் அதன் கதை தெரியுமா?

குடவாசல் பக்கம் பழைய வீட்டுப் பரணைக் கிளறினால் பித்தளைச் சொம்போ, மரக்காலோ, வெற்றிலைச் செல்லமோ கைக்கு வரும். யாருடையது என்று சொல்லத்தான் ஆள் இருக்காது. 'அதை உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடுங்கள், அதன் கதை மனசுக்குள் ஓடும்' என்கிறார்கள் சிலர். இதற்குப் பெயர் சைக்கோமெட்ரி.

இந்தப் பெயரை 1842-ல் வைத்தவர் ஜோசப் ரோட்ஸ் புக்கானன் என்ற அமெரிக்க மருத்துவர். கிரேக்க மொழியில் 'ஆன்மாவை அளப்பது' என்று பொருள். அடுத்து வில்லியம் டென்டன் என்பவர், கற்களையும் புதைபடிவங்களையும் தன் மனைவி, தங்கை கையில் கொடுத்து, அவர்கள் 'கண்டதை' 1863-ல் புத்தகமாகவே போட்டார்.

பயிற்சி சுலபம்தான். அமைதியாக உட்கார்ந்து, பிறருடைய மோதிரத்தையோ சாவியையோ பிடித்துக்கொண்டு, முதலில் தோன்றுவதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். பிறகு உரியவரிடம் சரிபார்க்க வேண்டும்.

சிக்கலே அங்கேதான்! 'இதை ஒரு பெரியவர் ரொம்ப நேசித்திருக்கிறார், ஒரு பிரிவும் தெரிகிறது' என்றால் எந்த வீட்டுப் பொருளுக்குத்தான் பொருந்தாது? மீதியைக் கேட்பவரே நிரப்பிக்கொள்வார். 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர், 39 மாணவர்களுக்கு 'உங்கள் குணம் இது' என்று ஒரே குறிப்பைத் தனித்தனியாகக் கொடுத்தார். மாணவர்கள் அதற்குப் போட்ட சராசரி மதிப்பெண், 5-க்கு 4.26!

அப்படியென்றால் பொருள் பேசவே பேசாதா? பேசும். அதற்கு நம் திருவாரூர் மாவட்டத்துப் பத்தூர் நடராஜரே சாட்சி.

1976-ல் பத்தூரில் மண்ணைத் தோண்டியபோது கிடைத்த சோழர் காலச் சிலை அது. கைமாறிக் கைமாறி லண்டன் போய், 1982-ல் ஒரு கனடா நிறுவனத்திடம் விலைபோனது. தமிழகம் லண்டன் நீதிமன்றத்தில் வழக்காடியது. சிலை பத்தூருடையதுதான் என்று எப்படி நிரூபிப்பது? ஊரில் கிடைத்த மற்றச் சிலைகளோடு அதன் உலோகம், ஒட்டியிருந்த மண், கரையான் தடம் வரை ஒப்பிட்டார்கள். தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சி சொன்னார். 1988-ல் தீர்ப்பு நமக்குச் சாதகமானது. 1991-ல் நடராஜர் நாடு திரும்பினார்.

யாராவது அந்தச் சிலையைப் பளபளவென்று தேய்த்துக் கழுவியிருந்தால், அந்தச் சாட்சியே போயிருக்கும்.

உங்கள் வீட்டுப் பொருளையும் இப்படிப் படிக்கலாம். பித்தளைப் பாத்திரத்தின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பெயர் வெட்டியிருக்கலாம், சிலவற்றில் தேதியும் இருக்கும். புளி போட்டுத் தேய்ப்பதற்கு முன் போட்டோ எடுத்து வையுங்கள். வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, யார் வாங்கியது, எந்தக் கல்யாணத்துக்கு வந்தது என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள்.

மண்ணுக்கடியில் ஏதாவது கிடைத்தால் கழுவ வேண்டாம், விற்கவும் வேண்டாம். 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பாட்டியிடம் கேட்க வேண்டியதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டும் பேனாவும் பையில் இருக்கட்டும்.