சைக்ளோன்: கொல்கத்தா தந்த சொல்

கேட்பதற்குக் கிரேக்கப் பழஞ்சொல் போல இருக்கும். ஆனால் 'சைக்ளோன்' உருவானது கொல்கத்தாவில். இன்னும் இருநூறு வயதுகூட ஆகவில்லை. உருவாக்கியவர் ஹென்றி பிடிங்டன். வணிகக் கப்பல்களில் வேலை பார்த்த ஆங்கிலேயர். பின்னர் கொல்கத்தாவில் கடல் விபத்துகளை விசாரிக்கும் மன்றத்துக்குத் தலைவரானவர். அதனால் புயலில் சிக்கிய கப்பல்களின் நாட்குறிப்புகள் அவர் கைக்கு வந்துகொண்டே இருந்தன.

அவற்றில் ஒன்று 'சார்லஸ் ஹெடில்' என்ற கப்பலுடையது. 1845 பிப்ரவரியில் மொரீஷியஸ் அருகே புயலில் மாட்டிய அந்தக் கப்பல், காற்று தள்ளிய திசையிலேயே நாட்கணக்கில் ஓடியது. காற்றோ திசை மாறி மாறி வீசியது. குறிப்புகளை வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோது, கப்பல் ஓடிய அளவுக்கு முன்னேறவில்லை, புயலின் மையத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிவந்திருக்கிறது என்பது தெரிந்தது.

புயல் சுழல்கிறது என்பதை அமெரிக்காவின் ரெட்ஃபீல்டும் பிரிட்டனின் ரீடும் முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் மாலுமிகளிடம் இருந்த பெயர்கள் எல்லாம் காற்றின் வேகத்தையே சொல்லின. வேகம் தெரிந்து என்ன பயன்? எந்தப் பக்கம் தப்புவது என்பதல்லவா தெரிய வேண்டும்! ஆகவே வேகத்தை விட்டுவிட்டு, சுழற்சியை மட்டும் சொல்லும் சொல் ஒன்றைத் தேடினார் பிடிங்டன். 'குக்லோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு வட்டம் என்பதோடு பாம்பின் சுருள் என்றும் பொருள் உண்டு. அதிலிருந்து 'சைக்ளோன்' பிறந்தது. 1848இல் மாலுமிகளுக்காக அவர் வெளியிட்ட கையேடு அதைக் கடலெங்கும் கொண்டுசென்றது. சுருள் என்ற பொருள் கச்சிதமாகவே பொருந்துகிறது: புயலில் காற்று முழு வட்டமாகச் சுற்றுவதில்லை, சுற்றிக்கொண்டே மையத்தை நோக்கி உள்ளே இறங்குகிறது.

கையேட்டோடு, மாட்டுக்கொம்பைச் சீவிச் செய்த ஒளி ஊடுருவும் தகடுகளும் இருந்தன. அவற்றில் வட்டங்களும் காற்றுத் திசை காட்டும் அம்புகளும் வரையப்பட்டிருக்கும். பூமத்திய ரேகைக்கு வடக்கே புயல் இடஞ்சுழியாகவும் தெற்கே வலஞ்சுழியாகவும் சுழல்வதால் இரண்டுக்கும் தனித்தனித் தகடு. கேப்டன் தகட்டைக் கடல் வரைபடத்தின்மேல் வைத்து, தன் கப்பலில் வீசும் காற்றோடு ஒத்துப்போகும் அம்பைக் கப்பல் இருக்குமிடத்துக்கு நகர்த்துவார். தகட்டின் நடுப்புள்ளி எங்கே விழுகிறதோ அங்கேதான், ஏறக்குறைய, புயலின் மையம். வங்கக் கடலில் தகடே இல்லாமலும் கணிக்கலாம்: காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் மையம் இடப்பக்கம்.

சுழல்காற்று கடலையும் கரைமேல் ஏற்றும் என்பதை பிடிங்டன் அறிந்திருந்தார். மாத்லா ஆற்றங்கரையில் கேனிங் துறைமுகம் கட்டத் திட்டமிட்டபோது, ஒருநாள் அங்கே 5 முதல் 15 அடி உயரத்துக்குக் கடல்நீர் புகும் என்று கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்கு 1853இல் கடிதம் எழுதினார். அது எடுபடவில்லை. துறைமுகம் எழுந்தது. 1867 நவம்பரில் வந்த புயல் அதைச் சின்னாபின்னமாக்கியது. சில ஆண்டுகளில் துறைமுகம் கைவிடப்பட்டது. அதைப் பார்க்க பிடிங்டன் இல்லை, 1858இலேயே காலமாகிவிட்டார்.

சொல் மட்டும் ஊர் ஊராகப் பொருள் மாறியது. அமெரிக்கச் சமவெளி மக்கள் டொர்னாடோவையே அப்படி அழைத்தார்கள். அரிசி ஆலையில் தூசியைச் சுழற்றிப் பிரிக்கும் கூம்புக்கும் சைக்ளோன் என்றே பெயர். வானிலை அறிஞர்களோ, காற்று சுற்றிவரும் எந்தத் தாழ்வழுத்தப் பகுதியையும், அது எவ்வளவு சாதுவாக இருந்தாலும், அப்படித்தான் குறிப்பிடுகிறார்கள். இதுவே பிடிங்டன் கருதிய பொருளுக்கு நெருக்கமானது. ஆனால் நம் வானிலை ஆய்வு மையத்தின் கணக்கு வேறு: காற்று மணிக்கு 62 கி.மீ. வேகத்தைத் தொட்டால்தான் தாழ்வு மண்டலம் 'சைக்ளோன்' ஆகும். வேகத்தைப் பேசக்கூடாது என்று உருவாக்கிய சொல்லுக்கு, அது பிறந்த நாட்டிலேயே வேகம்தான் அளவுகோல்.