ஒரே செடி, பல தேநீர்

பச்சைத் தேநீர், வெள்ளைத் தேநீர், ஊலாங், கறுப்புத் தேநீர்... கடையில் தனித்தனிப் பொட்டலங்களாக இருந்தாலும், எல்லாம் கமேலியா சினென்சிஸ் என்ற ஒரே செடியின் இலைகள்தான்.

வித்தியாசம் பக்குவத்தில் இருக்கிறது. பறித்த இலையைக் கசக்கினால், அதிலுள்ள நொதிகள் ஆக்சிஜனோடு சேர்ந்து வேலையைத் தொடங்கும். நிறமும் மணமும் மாறும். அது தொடங்குமுன்பே சூடேற்றி நிறுத்தினால் பச்சைத் தேநீர். இதற்காக ஜப்பானில் இலையை ஆவியில் வேகவைக்கிறார்கள். சீனாவில் பெரும்பாலும் சட்டியில் வறுக்கிறார்கள். பாதியில் நிறுத்தினால் ஊலாங். முழுமையாக மாறவிட்டால் கறுப்புத் தேநீர். இளம் மொட்டுகளைக் கசக்காமல் வாடவைத்து உலர்த்தினால் வெள்ளைத் தேநீர்.

கறுப்புத் தேநீரிலும் இரண்டு வழி உண்டு. வாடிய இலையை உருட்டி முறுக்குவது ஆர்த்தடாக்ஸ். பல் வைத்த உருளைகளுக்கு இடையே நசுக்கி, கிழித்து, சுருட்டுவது சி.டி.சி. 1930களில் அசாமில் உருவான முறை இது. குருணையாக வரும் இந்தத் தூளில் சாயம் சீக்கிரம் இறங்கும். பால் சேர்த்தாலும் சுவை அடங்காது. தமிழ்நாட்டு டீக்கடைகளில் கொதிப்பது பெரும்பாலும் இதுதான்.

நீலகிரிக்குத் தனிச் சரக்கு ஒன்றும் உண்டு. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் பறித்த இலையில் தயாராகும் 'பனித் தேநீர்' அதன் மணத்துக்காகவே தேடி வாங்கப்படுகிறது.